எழுந்திருக்கக் கூடாது என்றார் மேடம்

வேலைகளைப் பிரித்துக் கொடுத்தால்தான் தொழில் வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிரித்துக் கொடுத்த பிறகு நம்முடைய இரண்டு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. குன்னூரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற எனக்கு, இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதால், ஒரு சபை மொத்தமும் வாய் கொப்பளிக்க ஓடியது. அதில் மாப்பிள்ளையும் ஒருவர்.

முதலில் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடுகிறேன். கேக், முறுக்கு என்று வீட்டு அடுப்பில் ஆரம்பித்து, கல்யாணம், ஞானஸ்நானம், கிரகப்பிரவேசம் என்று வளர்ந்த தொழில் என்னுடையது. தொழில் வளர்ந்தது, நான் வளரவில்லை. ஆட்கள் நறுக்கிய வெங்காயத்தை நான் மறுபடி நறுக்குவேன். கழுவின இலையைக் கழுவுவேன். கட்டின மூட்டையை அவிழ்த்து, அதே மாதிரி கட்டுவேன். சாமான் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே போவேன். (அந்த மனுசன் பொறந்ததே மலைப் பாதையில, அது வேற விஷயம்.)

என் வீட்டுக்காரர் டேனியல் ஒரு எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, நான் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவார்.

"எங்க மேனேஜர் வந்து கொழுந்தா பறிக்கறாரு? அதுக்கு ஆளிருக்கு, அவங்களப் பாக்க மேஸ்திரி இருக்காரு. மேனேஜர் பங்களாவுல உக்காந்து டீ குடிக்கறாரு."

"அதனாலதான் உங்க டீ அப்படி இருக்கு" என்பேன்.

எனக்கு முக்கியமான ஆட்கள் இரண்டு பேர். அடுப்பு தங்கராசண்ணன் பொறுப்பு. சிறுமுகைப் பக்கம் சொந்த ஊர், என்னைவிட வயதில் பெரியவர், என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். பரிமாறும் பெண்களைக் கட்டி மேய்ப்பது சரசு. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், குரலை உயர்த்தாமலே ஒரு பந்தியை உட்கார வைத்துவிடுவாள். 'பொறுப்பு' என்று எழுதினேனே, அது பேச்சுக்கு. உண்மையில் தங்கராசண்ணன் அடுப்பைப் பற்ற வைப்பார், நான் அவர் பின்னால் நின்று தீயைக் கூட்டச் சொல்வேன், குறைக்கச் சொல்வேன்.

சிக்கல் என்னவென்றால், மழை ஆரம்பித்துவிட்டால் மலையில் கல்யாணங்கள் குறைந்துவிடும். அந்த மாதங்களில் என் ஆட்களுக்கு வேலை இருக்காது. அந்த வருடம் ஏப்ரலில் தங்கராசண்ணன் துண்டை மடித்து மடித்து விரித்தபடி வந்து நின்றார்.

"அம்மிணி, வருசம் பூராவுக்கும் ஏதாச்சும் ஒரு வழி பண்ணுனீங்கன்னா இருக்கறனுங்க. இல்லீன்னா திருப்பூர்ல மச்சான் மெஸ் வெச்சிருக்கறானுங்க, வரச்சொல்லிக் கூப்புடறானுங்க. நான் போனா சரசும் அக்கட்டால ஏதாச்சும் கம்பெனிக்குப் போயிருமுங்க."

பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "பாக்கலாங்கண்ணா" என்றேன். அவர் போன பிறகு, அவர் கழுவி வைத்திருந்த அண்டாவை இன்னொரு முறை கழுவினேன். அவர் இல்லாமல் எனக்கு ஒரு கல்யாணமும் ஓடாது என்று அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வழி ஒன்று தானாக வந்தது. டேனியலின் தங்கை மகள் ஷீபாவுக்கு மே மாதம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அத்தை, ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூலின் கரஸ்பாண்டன்ட். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது ஹாஸ்டல் சமையலை வெளியாள் யாரிடமாவது கொடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். வருடம் முழுக்க வேலை. நான் விடுவேனா? அவரைப் போய்ப் பார்த்தேன்.

மேடம் மெலிந்த ஆள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மெதுவான பேச்சு. என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா என் பிள்ளைங்களுக்கு யாருங்க சோறு போடுவாங்க?"

"நான் காய்ச்சல்ல படுக்க மாட்டேனுங்க மேடம்" என்றேன்.

இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மேடம் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு ஆள் வேண்டாங்க, ஒரு ஏற்பாடு வேணும்" என்றார். "ஷீபா கல்யாணத்துக்குச் சமையல் நீங்கதானே? அன்னைக்கு என் பக்கத்துல உக்காருங்க. கோவில்ல ஆரம்பிச்சு பந்தி முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. நீங்க உக்காந்திருக்கும்போதே எல்லாம் நடந்துதுன்னா, ஹாஸ்டல் உங்களுக்குத்தான்."

உட்காருவதற்கு ஒரு வேலை கிடைக்கும் என்றால் உலகத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? சரி என்று வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது டேனியல் கையெடுத்துக் கும்பிட்டு, மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்.

மறுநாளே தங்கராசண்ணனையும் சரசுவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வேலைகளைப் பிரித்தேன். கறி, அரிசி, வாழையிலை தங்கராசண்ணன். தயிர், வெங்காயம், ஐஸ்கிரீம், பரிமாறுவது சரசு. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணப் போதகரிடம் சொல்லி வைப்பது டேனியல். (எங்க சபையில ஜெபம் முடியாம யாரும் சோத்துல கை வெக்க மாட்டாங்க.) இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா அக்கா? நடுவுல வந்து பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள் சரசு.

"சத்தியமா வர மாட்டேன்."

தங்கராசண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். அதற்கு முன்னால் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

நான் வர மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன்? போன் செய்ய மாட்டேன் என்று செய்யவில்லையே. இரண்டு நாள் போனதும் எனக்குள் ஒரு அரிப்பு. தங்கராசண்ணன் கறியில் மன்னன், ஆனால் வாழையிலை ஞாபகம் இருக்குமா? குன்னூர்க் குளிரில் வாழை ஏது, எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர வேண்டும். சீசன் சமயம், மலைப் பாதை முழுக்க டூரிஸ்ட் வண்டி. சரசுவுக்குப் போன் போட்டேன்.

"சரசு, இலைக்கு அண்ணன்கிட்டத்தான் சொல்லியிருக்கேன். இருந்தாலும் அவருக்கு மறந்துடும். நீ ஒரு பக்கம் ஏற்பாடு பண்ணி வெச்சுக்கோ. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அப்புறம் சரசுவைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. தங்கராசண்ணனுக்குப் போன் போட்டேன். தயிரையும் வெங்காயத்தையும் ஐஸ்கிரீமையும் சொன்னேன். சரசுவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். டேனியலும் மறதிக்காரர்தானே? மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி, அவர்களுடைய ஊட்டிப் போதகரையும் ஜெபத்துக்குச் சொல்லி வைக்கச் சொன்னேன். இப்படியாக ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு இரண்டு ஆளாகப் போட்டு முடித்ததும்தான் மனசு நிம்மதியானது. பொறுப்பைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். அதை அப்போது நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

கல்யாண நாள் வந்தது. பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, கோவிலில் இரண்டாவது வரிசை. பக்கத்தில் மேடம். கோவிலுக்குப் பின்னால்தான் பாரிஷ் ஹால், அங்கேதான் சமையல். போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது பின்பக்கமிருந்து தாளிப்பு வாசம் வந்தது. பட்டை கொஞ்சம் தூக்கலோ? எழுந்திருக்கப் போனேன். மேடம் திரும்பிப் பார்த்தார். பாட்டுப் புத்தகம் கீழே விழுந்துவிட்ட மாதிரி குனிந்து, விழாத புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாலி கட்டி, மோதிரம் மாற்றி, போட்டோ எல்லாம் எடுத்து முடித்து ஹாலுக்குள் போனோம். முதல் பந்திக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேடமும் நானும் மேடைக்கு நேர் எதிர் மேஜையில். பிரியாணி அண்டாக்கள் வந்து இறங்கின. தயிர்ப் பச்சடி வந்தது, வாளியில் இல்லை, டிரம்மில். அதன் பின்னால் இன்னொரு டிரம். வாசலில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி நின்றது. அதற்குப் பின்னால், வேறு கம்பெனி ஐஸ்கிரீம் வண்டி ஒன்று உள்ளே வர இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஐஸ்கிரீம் நிறைய இருக்கும்போல" என்றார் மேடம்.

"பத்தாமப் போயிடக் கூடாது பாருங்க" என்றேன்.

இலை மட்டும் வரவில்லை. மேஜையில் வெறும் பேப்பர். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எதிரே, சமையற்கட்டுக் கதவுக்குள் சரசுவும் தங்கராசண்ணனும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பிறகுதான் எனக்கு விவரம் தெரியவந்தது. முந்தின நாளே இரண்டு பேரும் பேசிப் பார்த்து, ஒவ்வொரு வேலையையும் நான் இரண்டு பேரிடமும் சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். தயிருக்கும் வெங்காயத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் அதற்குள் இரண்டு பக்கமும் சொல்லி முடித்திருந்தார்கள். இலைக்கு இரண்டு பேருமே இன்னும் சொல்லியிருக்கவில்லை. 'என்னை நம்பாமத்தானே சரசுகிட்டச் சொல்லியிருக்கு அம்மிணி, அவளே கொண்டாரட்டும்' என்று இவரும், 'அண்ணன்கிட்டதானே மொதல்ல சொன்னாங்க, அவரே பாத்துக்கட்டும்' என்று அவளும், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது கொலை செய்யலாமா என்பதுதான்.

எழுந்து ஓட வேண்டும். கால்கள் தயாராக இருந்தன. மேடம் என் முழங்கையில் லேசாகக் கை வைத்து, "ஜெபம் பண்ணப் போறாங்க" என்றார்.

மேடையில் எங்கள் போதகர் மைக்கைப் பிடித்தார். பக்கத்திலேயே ஊட்டிப் போதகரும் வந்து நின்றார். "நீங்க பண்ணுங்க ஐயா" என்றார் இவர். "இல்லைங்க, உங்க சபை, நீங்க பண்ணுங்க" என்றார் அவர். கடைசியில் இரண்டு பேரும் பண்ணினார்கள். முதலாமவர் மணமக்களுக்காகவும் உணவுக்காகவும் சமைத்த கைகளுக்காகவும் ஜெபித்தார். இரண்டாமவர் அதற்குக் கொஞ்சமும் குறையக் கூடாது என்று மழைக்காகவும், மலைப் பாதையில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்காகவும், தேயிலை விலைக்காகவும் ஜெபித்தார். தேயிலை விலைக்குச் சொன்ன ஆமென்தான் அன்றைக்கு ரொம்பச் சத்தமான ஆமென். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சரசுவையும் காணோம், தங்கராசண்ணனையும் காணோம். ஓடிவிட்டார்கள், திருப்பூருக்கே போய்விட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது, பரிமாறும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு பச்சை இலையை வைத்துக்கொண்டே போனார்கள். கிண்ணம் மாதிரி உள்பக்கம் வளைந்த, நரம்பு தெரிந்த, ஈரமான பெரிய இலை. ஹாலில் ஒரு சலசலப்பு. யாரோ "அட, இது புதுசா இருக்கே" என்றார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், "மாட்டுக்கு வெக்கிற மாதிரியல்ல வெக்கறாங்க" என்றார். அதற்குள் சரசு என் இலையில் பிரியாணியைப் போட்டாள்.

"என்ன இலைடி இது?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோஸ் இலைங்கக்கா."

"கோஸா?"

"நீங்க சாப்பிடுங்க, அப்புறம் சொல்றேன். எல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம்."

அவள் நகர்ந்துவிட்டாள். என் தலைக்குள் ஒரே ஒரு படம் ஓடியது. மண்டிக்குப் பின்னால் மலையாகக் குவித்துப் போட்டிருக்கும் கோஸ் கழிவு. எங்கள் மலையில் கோஸுக்கு மருந்தடிக்கிறது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக அடித்துக்கொண்டே போவார்கள். வெளி இலையில்தான் அத்தனை மருந்தும் படியும். அந்த வெளி இலையில்தான் இப்போது என் பிரியாணி. மேடம் கையால் பிசைந்து, முதல் வாயை எடுத்து வாய்க்குள் வைத்தார்.

என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "மேடம், வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு அவருடைய இலையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஏன் விட வேண்டும்? அவரும் பிடித்துக்கொண்டார். கோஸ் இலை வாழையிலை மாதிரி இல்லை, நடுவில் ஒடியும். ஒடிந்தது. பிரியாணி, ஒரு பெரிய கறித் துண்டு, பச்சடி எல்லாம் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் இறங்கின.

அதோடு விட்டேனா? புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி, ஊட்டிப் போதகர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"யாரும் சாப்பிடாதீங்க! அது மருந்தடிச்ச இலை!"

ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், ஹாலுக்கு வெளியே தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அடுத்த நொடி நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம். எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை வாய் நிறையப் பிரியாணியோடு எழுந்து, துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா துப்பச் சொன்னாள். கல்யாணமான பிறகு அவள் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று என் நாத்தனார் இன்றைக்கும் என்னைக் குத்திக்காட்டுவாள். நர்ஸாக இருக்கிற ஒரு உறவுக்காரப் பெண் வரிசையாக நாடி பார்க்க ஆரம்பித்தாள். அதற்குள் நான்கைந்து வாய் விழுங்கிவிட்டிருந்த ஒரு மாமா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்.

நான் மைக்கோடு நின்றேன். அடுத்து என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

அப்போது சமையற்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் போதகரின் மனைவி வந்தார். நாங்கள் பாஸ்டரம்மா என்போம். முழங்கை வரை ஈரம், கையில் ஒரு அரிவாள்மனை. (ஆயுதம் ஏந்திய பாஸ்டரம்மாவை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லைங்க.)

"ஏனுங்க ஸ்டெல்லா, யார் கோஸுக்கு மருந்துங்கறீங்க?"

நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

"அது என் கோஸுங்க. இந்தக் கோவிலுக்குப் பின்னாடி நான் போட்டு வளத்த கோஸு. சாணியும் சாம்பலும் தவிர ஒண்ணு போட்டதில்லை. அறுப்பின் பண்டிகையில கோவிலுக்காக ஏலம் விடறதுக்குன்னு வெச்சிருந்தேன். இலை இல்லைன்னு சரசு வந்து அழுகற மாதிரி நின்னுச்சு. கல்யாணப் பந்தி நிக்கக் கூடாதுன்னு அத்தனையும் வெட்டிக் குடுத்தேன். மஞ்சத் தண்ணியில முக்கி முக்கி நானும் தங்கராசும் கழுவிக்கிட்டிருக்கோம். நீங்க மைக்குல மருந்துங்கறீங்க."

இதை அவர் மைக் இல்லாமல்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

எங்கள் போதகர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். மனைவியின் தோட்டத்துக்கு வந்த பழியை அவரால் தாங்க முடியவில்லை. "அன்பானவர்களே" என்று ஆரம்பித்தார். பேச்சு போதாது என்று தோன்றியதோ என்னவோ, ஒரு பச்சைக் கோஸ் இலையை எடுத்துச் சபைக்கு முன்னால் கடித்து, மென்று, விழுங்கினார். ஊட்டிப் போதகர் பார்த்தார். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டு போதகர்கள் மேடையில் நின்று பச்சைக் கோஸ் தின்பதைச் சபை பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த மாமா எழுந்து, அந்தப் பிரியாணி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

பந்தி மறுபடி நடந்தது. நான் நடத்தவில்லை. சரசு நடத்தினாள். பாக்கு மட்டைத் தட்டு வாங்கிவரச் சொல்லிச் சாமான் வண்டிக்காரரை அவள் முன்னாலேயே பஜாருக்கு அனுப்பியிருந்தாள். அவர் சீசன் டிராபிக்கில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாட்டிக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தட்டோடு வந்து சேர்ந்தார். அதற்குள் யாருக்கும் தட்டு தேவைப்படவில்லை. கோஸ் இலையில் பச்சடி வழியாமல் நிற்கிறது என்று பாராட்டினார்கள். சிலர் சாப்பிட்டு முடித்து இலையையும் சாப்பிட்டார்கள்.

நான் சாமான் அறைக்குள் போய், உபரியாக வந்த வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. ஹாஸ்டல் போயிற்று. தங்கராசண்ணன் திருப்பூர் போவார், சரசு போவாள். அவர்கள் எனக்காகப் பாஸ்டரம்மாவிடம் போய் நின்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையெல்லாம் மறந்து, சேர்ந்து இலை கழுவியிருக்கிறார்கள். நான் அவர்களைச் சபை முன்னால் விஷம் வைத்தவர்களாக்கிவிட்டேன். அவமானத்தைவிட அதுதான் வலித்தது.

தங்கராசண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"சொல்லாம விட்டது எங்க தப்புதானுங்க அம்மிணி. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டிருக்கலாங்கண்ணா" என்றேன். "உங்களை நம்பாததுக்கு மன்னிச்சுருங்க."

அவர் என்னைப் பார்க்காமல் வெங்காய மூட்டையைப் பார்த்தார். "எந்திரிங்க, நசுங்குது" என்றார்.

அவர் பின்னாலேயே மேடம் வந்தார். புடவையில் வயிற்றிலிருந்து முழங்கால் வரைக்கும் மஞ்சள். நான் எழுந்து நின்று, புடவையைத் துவைத்துத் தருகிறேன், புதிதாக வாங்கித் தருகிறேன், என்று என்னென்னவோ உளறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜூன்ல ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதைங்க மேடம்?"

"ஹாஸ்டல் சமையலைத்தான். இலை இல்லைன்னதும் உங்க ஆளுங்க உங்களைத் தேடி வரலை பாத்தீங்களா? அவங்களே யோசிச்சு, அவங்களே முடிச்சுட்டாங்க. எனக்கு அது போதும். ஒரே ஒரு கண்டிஷன்."

கோஸ் பொரியல் போடக் கூடாது என்பார் என்று நினைத்தேன்.

"கிச்சனுக்குள்ள நீங்க வரக் கூடாது."

சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் ஒரே கைக்குட்டைதான் இருந்தது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மேடம் சொன்னதைச் செய்கிறவர். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரமே, சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போன என்னை அட்டென்ஷனில் நின்று தடுத்தார். "நாந்தாங்க இந்தக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கறது" என்றேன். "தெரியுமுங்க, அதனாலதான்" என்றார். ஊட்டியில் எல்லா இடத்துக்கும் நான் போகலாம், என்னுடைய சமையற்கட்டைத் தவிர. பேரண்ட்ஸ் டே அன்றைக்கு மட்டும், பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களோடு வரிசையில் நின்று, ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஏதாவது ஒரு குறை இருக்கும் என்று தேடித் தேடித்தான் சாப்பிடுகிறேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தங்கராசண்ணன் திருப்பூருக்குப் போகவில்லை. சரசுவின் கையில் இப்போது ஹாஸ்டல் மொத்தமும் இருக்கிறது. கல்யாணச் சமையலும் முன்பைவிட அதிகமாக வருகிறது. அதையும் வேறு ஆட்கள்தான் பார்க்கிறார்கள். தொழில் வளர்ந்துவிட்டது என்று டேனியல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் அதற்கப்புறம் நடந்த எந்த விருந்திலும் நேரடியாக ஜெபத்துக்குப் போவதில்லை. போதகர் மைக்கை எடுத்து, முதலில் சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்: "ஸ்டெல்லா அக்கா உக்காந்தாச்சா?" சின்னப் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரைக்கும் ஹால் மொத்தமும் சேர்ந்து, "உக்காந்தாச்சு!" என்று கத்தும். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடுவார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவது நான்தான். அந்த ஒரு வேலையை மட்டும் அடுத்தவர்களிடம் விட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.